சாவி யார் கையில்?

சென்னை எழும்பூரில், ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக 1789-ல் ஒரு பள்ளிக்கூடம் ஏற்பட்டது. அதை மேற்பார்த்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் வழியில் நம்மவர் பள்ளிக்கூடம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். பாதிரியாருக்கு அது பிடித்துப்போயிற்று. தம் பள்ளிக்கூடத்திலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த உபாத்தியாயர்கள், அது ஆகிற காரியம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பெல் விடவில்லை. சற்று விவரம் தெரிந்த ஒரு பையனைப் பிடித்து, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்படி ஏவினார். பையன் சொல்லிக்கொடுத்தே விட்டான்! 1797-ல் பெல் லண்டனில் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அதன் பிறகு அம்முறை 'மதராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தின் பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்தது.

இந்தக் கதையை நம்முடைய பெருமைக்காகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் வேறு ஒரு விஷயம் முக்கியமாகத் தோன்றுகிறது. பெல் அந்த முறையை எடுத்துக்கொள்ள யாரிடமும் அநுமதி கேட்கவில்லை; யாரும் அவருக்குப் பில் அனுப்பவில்லை. மணலுக்குச் சொந்தக்காரன் இல்லை. 'அ' எழுதும் விதத்துக்கும் சொந்தக்காரன் இல்லை. ஆனால் மணல் மட்டும் போதவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க மனம் உள்ள ஒருவன் வேண்டியிருந்தது. சொந்தக்காரன் இல்லாத கருவி ஒன்று, சொல்லிக்கொடுக்க முன்வரும் ஆள் ஒருவர்: இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் கல்வி கிளம்புகிறது.

இருநூறு ஆண்டுகள் போயின. மணலின் இடத்தில் சிலேட்டு வந்தது, காகிதம் வந்தது, கடைசியில் கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தது. சிலேட்டும் காகிதமும் வந்தபோது எழாத ஒரு கேள்வி கம்ப்யூட்டர் வந்தபோது எழுந்தது. இந்தக் கருவி யாருடையது?

கேள்வியின் அர்த்தம் விளங்குவதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கம்ப்யூட்டர் என்ற பெட்டி தானாக எதுவும் செய்யாது. இன்னது செய், இப்படிச் செய் என்று மனிதர்கள் எழுதிவைத்த கட்டளைகளின்படிதான் இயங்கும். அந்தக் கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். அதை முதலில் மனிதன் படிக்கக்கூடிய பாஷையில்தான் எழுதுகிறார்கள். பிறகு இயந்திரத்துக்கு மட்டும் புரியும் வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். நம்முடைய பழைய பதிப்புக்களின் முகப்பில் 'மூலமும் உரையும்' என்று அச்சிட்டிருக்கும் அல்லவா? கம்ப்யூட்டர் கம்பெனிகளில் பல இந்த மூலத்தை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, இயந்திர வடிவத்தை மட்டும் விற்கின்றன. அதற்கும் நிபந்தனை உண்டு. ஒரு பெட்டியில்தான் போடலாம். பிரதி எடுக்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. வீட்டுப் பரணில் ஏடுகளை வைத்துக்கொண்டு, எடுத்துக்காட்ட மாட்டேன் என்று சொன்னவர்களை நம் நாடு கண்டிருக்கிறது. அவர்களாவது அறியாமையால் அப்படிச் செய்தார்கள். இவர்கள் அதையே வியாபாரத்தின் அஸ்திவாரமாக வைத்தார்கள்.

இதைப் பொறுக்காத மனிதர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்று பெயர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்தார். அங்கே அச்சிடும் இயந்திரம் ஒன்றில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். முன்பு இருந்த இயந்திரத்தின் மென்பொருளில் அவர் சிறு மாற்றம் செய்து, காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி வைத்திருந்தார். புது இயந்திரத்திலும் அப்படிச் செய்யலாம் என்று பார்த்தால் மூலம் கையில் இல்லை. வேறு ஒரு சர்வகலாசாலையில் அதை வைத்திருந்தவரிடம் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று தாம் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பதாக அவர் சொல்லிவிட்டார். அற்ப விஷயம்தான். ஆனால், அண்டை வீட்டுக்காரனுக்கு உதவ மாட்டேன் என்று ஒரு படித்த மனிதன் எழுதிக்கொடுக்கும்படி ஆயிற்றே என்று ஸ்டால்மனுக்குத் தாங்கவில்லை. 1983-ல், யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற விதியோடு ஓர் அடிப்படை மென்பொருள் தொகுதியையே புதிதாக எழுதப் போவதாக அறிவித்தார். அதற்கு 'குனு' என்று பெயர் வைத்தார். 1991-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய 'லினக்ஸ்' அதனோடு சேர்ந்தது. கட்டிடம் பூர்த்தியாயிற்று.

ஆங்கிலத்தில் இதற்கு 'ஃப்ரீ' சாஃப்ட்வேர் என்று பெயர். அந்தப் பாஷையின் வறுமை, விலையில்லாததற்கும் விடுதலையானதற்கும் ஒரே சொல்தான். ஆகவே ஸ்டால்மன் போகிற இடமெல்லாம், 'காசைச் சொல்லவில்லை, சுதந்திரத்தைச் சொல்கிறேன்' என்ற கருத்தை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. தமிழில் இதைக் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறோம். மலையாளத்தார் 'ஸ்வதந்த்ர' சாஃப்ட்வேர் என்கிறார்கள். அந்த மலையாளத்தாருடைய பள்ளிக்கூடங்களைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

கேரளத்தில், இஸ்ரோவின் முன்னாள் தலைவர் யு. ஆர். ராவ் தலைமையில் அமைந்த ஒரு குழுவின் யோசனைப்படி, சர்க்கார் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்விக்காக 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டம் 2001-ல் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலை மாதத்தில் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து, இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். இரண்டு நதிகளும் ஒரே ஊரில் ஒரே ஆண்டில் புறப்பட்டன. ஆனால் உடனே கலந்துவிடவில்லை. பள்ளிப் பாடம் முதலில் உலக வழக்கப்படியே அமைந்தது. கம்ப்யூட்டர் என்றால் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ். எழுதுவது என்றால் அதே கம்பெனியின் வேர்ட். அப்போது உலகத்தில் பெரும்பாலான பள்ளிக்கூடங்களில் அப்படித்தான் இருந்தது. யாரும் அதை அதிசயமாக எண்ணவில்லை.

அதை மறுத்துக் குரல் கொடுத்தவர்களில் உபாத்தியாயர்கள் முன்னணியில் இருந்தார்கள் என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த இடம். எழும்பூரில் கையை விரித்த உபாத்தியாயர்களை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் இன்னும் ருசிக்கும். கேரளா ஸ்கூல் டீச்சர்ஸ் அசோசியேஷன் என்ற சங்கமும், கட்டற்ற மென்பொருளில் ஈடுபாடு கொண்ட இளைஞர்களும் சேர்ந்து கிளப்பிய வாதத்தின் சாரம் இதுதான்: பொதுப் பரீட்சையில் ஒரு கம்பெனியின் சரக்கைப் பாடமாக வைத்தால், ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பிள்ளைகளை அந்தக் கடைக்கு நாமே வாடிக்கைக்காரர்களாக அழைத்துக்கொண்டு போய் நிறுத்துகிறோம், பள்ளிக்கூடம் தொழிலைக் கற்பிக்க வேண்டுமே தவிர, கடையின் பெயரைக் கற்பிக்கக் கூடாது.

எதிர்வாதமும் லேசானதல்ல. 'வெளியே ஆபீஸ்களில் எல்லாம் விண்டோஸ்தானே? நம் பிள்ளை வேறு ஒன்றைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள்?' என்ற பெற்றோரின் பயம் நியாயமானது. ஏழை வீட்டுப் பிள்ளையை வைத்துக்கொண்டு கொள்கைச் சோதனை நடத்தலாமா என்று கேட்பவரை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். சிங்கர் மெஷினில் தையல் கற்ற பெண் உஷா மெஷினில் உட்கார்ந்தால் தைக்க மாட்டாளா? துணியும் ஊசியும் கையின் பழக்கமும் அவளுக்கு வந்துவிட்டால் மெஷினின் நெற்றியில் எழுதியிருக்கும் பெயர் ஒரு பொருட்டல்ல. ஒரு மெஷினின் பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்தவள்தான் மெஷின் மாறினால் தவிப்பாள். மேலும், எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த பொத்தான்கள், பிள்ளை வேலைக்குப் போகும் நாளில் அந்தக் கம்பெனியின் சரக்கிலேயே இடம் மாறியிருக்கும்.

மாற்றம் ஒரே ராத்திரியில் நடந்துவிடவில்லை. முதலில், எதில் வேண்டுமானாலும் பரீட்சை எழுதலாம் என்று இரண்டு வழிகளையும் திறந்துவைத்தார்கள். பிறகு, 2000-களின் பிற்பகுதிக்குள், பத்தாம் வகுப்புச் செய்முறைப் பரீட்சை முழுவதும் கட்டற்ற மென்பொருளிலேயே நடக்கும் நிலைமை வந்துவிட்டது. 2007-ல் மாநில சர்க்காரின் தகவல் தொழில்நுட்பக் கொள்கையும் கட்டற்ற மென்பொருளுக்கு முக்கிய இடம் கொடுத்தது. இன்று ஆண்டுக்கு நாலு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அங்கே பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறார்கள்.

எப்படிச் சாதித்தார்கள்? கடையிலிருந்து ஆள் வரவழைக்கவில்லை. பள்ளி உபாத்தியாயர்களிலேயே ஆர்வம் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, 'மாஸ்டர் டிரெயினர்' ஆக்கினார்கள். நேற்று வரை கணக்கும் பௌதிகமும் மலையாளமும் நடத்தியவர்கள் மற்ற உபாத்தியாயர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உலகத்தார் பொதுவில் எழுதிவைத்த லினக்ஸை எடுத்து, முதலில் டெபியன் என்ற தொகுதியையும் பிற்பாடு உபுண்டு என்ற தொகுதியையும் அடிப்படையாகக் கொண்டு, தங்கள் பாடத்துக்கு வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததைக் கழித்து, தங்களுக்கென்றே ஒரு பதிப்பைத் தயாரித்தார்கள். வான சாஸ்திரம் நடத்த நட்சத்திரங்களைக் காட்டும் 'கே-ஸ்டார்ஸ்', படம் வரைய 'ஜிம்ப்' என்று பாடப் புத்தகமும் அதற்கேற்ப எழுதப்பட்டது. பூட்டிய பெட்டியில் இது நடக்காது. அங்கே உபாத்தியாயர் வெறும் வாடகைக்காரர். சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும்.

அந்தப் பாடப் புத்தகம் மலையாளம், ஆங்கிலம் தவிரத் தமிழிலும் கன்னடத்திலும் வருகிறது. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ் வழிப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன அல்லவா? தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளியின் குழந்தை அங்கே தமிழில் படித்துக்கொண்டு கட்டற்ற மென்பொருளில் பழகுகிறது. எத்தனை பேர் வாங்குவார்கள் என்று கணக்குப் பார்க்கும் கம்பெனிக்கு, மலையோரத்துச் சில பள்ளிகளின் பாஷை ஒரு கணக்கிலும் வராது.

பாஷை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. மலையாள லிபியில் கூட்டெழுத்துக்கள் அதிகம். டைப்ரைட்டரில் அத்தனை எழுத்துக்களுக்கும் இடம் இல்லை என்ற காரணத்தால், 1971-ல் சர்க்கார் எழுத்துக்களைப் பிரித்தும் குறைத்தும் சீர்திருத்தம் செய்தது. இயந்திரத்துக்காக எழுத்து வளைந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த நெருக்கடி இல்லை. 1999-ல் சித்ரஜகுமார், ஹுசைன் முதலியவர்கள் 'ரசனா' என்ற இயக்கத்தைத் தொடங்கிப் பழைய லிபி முழுவதையும் கம்ப்யூட்டருக்காக வரைந்தார்கள். அந்த எழுத்துரு பின்னால் கட்டற்றதாக வெளியிடப்பட்டது. 2002 முதல் 'ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்ற தொண்டர் குழு, கம்ப்யூட்டர் திரையிலுள்ள சொற்களையே மலையாளமாக்கும் வேலையில் இறங்கியது. மூலம் திறந்திருந்ததால் யார் அநுமதிக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. பேனா பிடிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. நம் எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று இயந்திரம் தீர்மானிப்பதா, நாம் தீர்மானிப்பதா என்பதைவிடப் பெரிய சுதந்திரப் பிரச்னை ஓர் எழுத்தாளனுக்கு என்ன இருக்கிறது?

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் குடும்பம் நடத்துகிறவர்கள் மன்னிக்க மாட்டார்கள். பழைய திட்டம் 2017-ல் 'கைட்' என்ற பெயரில் சர்க்கார் கம்பெனியாக மாறியது. 2019-ல், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களில் புதுப் பதிப்பை ஏற்றும்போது, இதற்கு ஈடான மென்பொருள்களை விலைக்கு வாங்கினால் ஒரு கம்ப்யூட்டருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் ஆகும், ஆக மொத்தம் மிச்சம் 3,000 கோடி என்று அந்த நிறுவனம் கணக்குச் சொன்னது. கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஆனால் எந்த சர்க்காரும் 3,000 கோடிக்கு மென்பொருள் வாங்கப் போவதில்லை. பாதிக்கு மேல் வாங்காமலே விட்டிருக்கும். மீதியில் ஒரு பங்கு திருட்டுப் பிரதியாக உள்ளே வந்திருக்கும். நம் நாட்டில் அதுதானே நடக்கிறது? ஆகவே உண்மையான லாபம் பணத்தில் இல்லை. பூட்டிய மென்பொருளை, 'சார், வீட்டிலும் போட்டுப் பார்க்கிறேன்' என்று கேட்கும் மாணவனுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தால் உபாத்தியாயர் சட்டப்படி குற்றவாளி. கொடுக்க மறுத்தாலோ மனச்சாட்சிப்படி குற்றவாளி. கட்டற்ற மென்பொருள் இந்த இக்கட்டிலிருந்து அவரை விடுவிக்கிறது. எடுத்துக்கொண்டு போ அப்பா, தம்பிக்கும் கொடு என்று தாராளமாகச் சொல்லலாம். கொடுக்கக் கொடுக்கக் குறையாதது கல்வி என்று பிள்ளைகளுக்குப் போதித்துவிட்டு, கொடுத்தால் சிறை என்ற கருவியை அவர்கள் கையில் வைப்பது பொருத்தமாகவா இருக்கிறது?

இந்த முயற்சியில் கேரளம் தனியாக இல்லை. ஸ்பெயின் தேசத்தின் மேற்கே எஸ்ட்ரெமதூரா என்று ஓர் ஏழைப் பிரதேசம் உண்டு. முற்காலத்தில் கோர்ட்டேஸ், பிஸாரோ போன்றவர்கள் பிழைப்புத் தேடி அங்கிருந்து கப்பலேறிப் போய் அமெரிக்கக் கண்டத்து ராஜ்யங்களைக் கொள்ளையடித்தார்கள். அந்தப் பிரதேசம் 2002-ல், 'லின்எக்ஸ்' என்று தனக்கென ஒரு லினக்ஸ் பதிப்பை உண்டாக்கி, உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டு மாணவர்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்ற விகிதத்தில் வைத்தது. உலகமே அதைப் பேசியது. ஆனால் அதை நடத்தியது பிரதேச சர்க்காரின் உற்சாகம். 2011-ல் ஆட்சி மாறியது. அந்த ஆண்டு முடிவதற்குள், லின்எக்ஸை வளர்க்கும் பொறுப்பை அந்தப் பிரதேசம் தன் கையிலிருந்து விட்டுவிட்டது.

கேரளத்தில் ஆட்சி 2006-ல் கை மாறியது, 2011-ல் மாறியது, 2016-ல் மறுபடி மாறியது. ஒரு கட்சி நட்ட செடியை அடுத்த கட்சி பிடுங்குவது நம் அரசியல் தர்மம். அப்படியிருந்தும் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் நிலைத்தது. காரணம், அது வெறும் உத்தரவாக இல்லை. ஆயிரக்கணக்கான உபாத்தியாயர்களின் கைப்பழக்கமாக ஆகியிருந்தது என்பது என் அபிப்பிராயம். உத்தரவை ஒரே கையெழுத்தில் ரத்து செய்துவிடலாம். தெரிந்துகொண்ட வித்தையை யார் ரத்து செய்ய முடியும்? 2018-ல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் சங்கங்களையும் ஏற்படுத்தியிருக்கிறார்கள். கற்றுக்கொண்ட பிள்ளைகளே மற்றப் பிள்ளைகளுக்கும், சில சமயம் தாய்மார்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மதராஸ் முறைக்கு இதைவிடப் பொருத்தமான பேரப்பிள்ளை கிடையாது.

ஆனாலும் எல்லாம் சுபம் என்று மங்களம் பாட எனக்கு மனம் வரவில்லை. பூட்டு இப்போது இடம் மாறிக்கொண்டிருக்கிறது. முன்பு மென்பொருள் நம் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. இப்போது பெட்டியே எங்கோ கடல் கடந்த ஊரில் இருக்கிறது. வகுப்பறையில் இருப்பது அதற்கு ஒரு ஜன்னல் மட்டும். வீட்டுப் பாடம் செல்போனில் வருகிறது. விடைத்தாள் யாரோ ஒரு கம்பெனியின் கிடங்கில் சேர்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் செயற்கை அறிவும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. இவற்றில் பல காசு கேட்பதில்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்று நம் பாஷை பிரித்துவைத்ததன் அருமை இப்போதுதான் தெரிகிறது. காசு வாங்காத கடைக்காரர் வேறு எதை எடுத்துக்கொண்டு போகிறார் என்று விசாரிக்க வேண்டாமா?

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது நாம் எத்தனையோ கேட்கிறோம். கட்டிடம் எப்படி, பஸ் உண்டா, கம்ப்யூட்டர் அறையில் குளிர்சாதனம் உண்டா என்றெல்லாம் துருவுகிறோம். இனிமேல் இன்னும் ஒரு கேள்வியும் கேட்கலாம். அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள பாடத்தை உங்கள் உபாத்தியாயர் திறந்து பார்த்துத் திருத்த முடியுமா? திருத்தியதை என் பிள்ளைக்குக் கொடுக்க முடியுமா? தலைமை உபாத்தியாயர் விழிக்கலாம். பரவாயில்லை. பக்கத்து மாநிலத்தில் 20 ஆண்டுகளுக்கு முன்னால் சில உபாத்தியாயர்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள்; பதில் வருகிறவரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.